பத்தமடைப் பாய்: கல்யாணத்துக்கு எத்தனை நாள் முன்னால் சொல்லி வைக்க வேண்டும்?

பெண்ணின் பெயரும் மாப்பிள்ளையின் பெயரும் கல்யாணத் தேதியும் நெய்த பத்தமடைப் பாய் வேண்டும் என்ற நினைப்பு, எங்கள் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் மண்டபம் பேசி, சமையலுக்கு ஆள் பேசி, பத்திரிகையும் அச்சுக்குப் போன பிறகுதான் வருகிறது. அப்போது முகூர்த்தத்துக்கு நாற்பது நாளோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். பாய் நெய்பவர் வீட்டுக்குப் போய் எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேட்டால், அவர் உடனே ஒரு எண்ணைச் சொல்லமாட்டார். எந்தப் பாய், என்ன அளவு, எழுத்து உண்டா, கோரை கைவசம் இருக்கிறதா, வெயில் எப்படி இருக்கும் என்ற ஐந்தும் தெரிந்தால்தான் அவரால் நாள் சொல்ல முடியும். இந்த ஐந்தையும் நாமே முன்கூட்டி யோசித்துக்கொண்டு போனால், அவருக்கும் நமக்கும் மனக்கசப்பு இல்லாமல் பாய் வந்து சேரும். நான் வீரவநல்லூரில் இருப்பவன். உறவினர்களுக்காகவும் எங்கள் வீட்டுக்காகவும் இதுவரை நான்கு பாய்கள் சொல்லி வைத்து வாங்கியிருக்கிறேன். அவற்றில் ஒன்று கல்யாணம் முடிந்த பிறகுதான் வந்தது. அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

பத்தமடை, திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் சாலையில் சேரன்மகாதேவிக்குச் சற்று முன்னால் இருக்கிறது. சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்த ஊர் என்று வெளியூர்க்காரர்கள் அறிந்திருப்பார்கள். தாமிரபரணிக் கரையிலும் வாய்க்கால் ஓரங்களிலும் வளரும் கோரையைக் கொண்டு அங்குள்ள லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாய் நெய்து வருகிறார்கள். தறியில் உட்காருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். புவிசார் குறியீடு பெற்ற பொருள் இது. மணமக்கள் எந்தச் சமயத்தவர்களாக இருந்தாலும், திருநெல்வேலிச் சீமையில் கல்யாணச் சீரில் பத்தமடைப் பாய்க்கு ஓர் இடம் உண்டு.

முதலில் எந்தப் பாய் என்று முடிவு செய்யுங்கள்

பத்தமடைப் பாய் என்ற ஒரே பெயரில் மூன்று தரங்கள் விற்கின்றன. நாள் கணக்கு மூன்றுக்கும் மூன்று விதம். அன்றாடம் படுக்க விரிக்கும் சாதாரணப் பாயில் கோரைத் தண்டு தடிமனாகவே இருக்கும். நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் இடைவெளி விட்டு ஓடும். பொருள்கள் தயாராக இருந்தால் அதை ஒன்றிரண்டு நாளில் நெய்துவிடுவார்கள். அடுத்தது நடுத்தரம்; இதற்குத் தறியில் மட்டும் ஒரு வாரம் வரை ஆகும். மூன்றாவதுதான் நயம் பாய், ஊரில் பட்டுப்பாய் என்று சொல்வது. பச்சைக் கோரையைக் கத்தியால் மெல்லிய இழைகளாகப் பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றை நீக்கிவிட்டு, வெளித்தோலை மட்டும் வைத்துப் பருத்தி நூல் பாவில் நெய்யப்படுவது அது. துணிபோல மடித்தால் மடியும். தடவிப் பார்த்தால் கோரை என்று கை நம்பாது. இதற்குத் தறியில் மட்டும் மூன்று வாரம் முதல் ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகும்.

தரத்தைப் பாவு எண்ணால் சொல்வார்கள். குறிப்பிட்ட அகலத்துக்குள் எத்தனை பாவு இழைகள் ஓடுகின்றன என்பதே அந்த எண். 100-க்கு மேல் போனால் நயம் பாய் என்று எடுத்துக்கொள்ளலாம். முடிச்சுப் போட்டு நெய்யும் காஷ்மீர், பதோஹி கம்பளங்களில் சதுர அங்குலத்துக்கு எத்தனை முடிச்சு என்பதை வைத்தே நாள் கணக்கிடுவார்கள்: ஆறடிக்கு நாலடிக் கம்பளத்தில் சதுர அங்குலத்துக்கு 200 முடிச்சு என்றால் மொத்தம் 6,91,200 முடிச்சுகளைக் கையால் போட வேண்டும். கோரைப் பாயில் முடிச்சு கிடையாது என்றாலும் கணக்கின் போக்கு அதேதான். பாவு நெருங்க நெருங்க, குறுக்கே ஊடையாகப் போகும் கோரையும் மெலிய வேண்டும். கோரை மெலிந்தால் ஓர் அங்குலம் உயர்வதற்குப் போட வேண்டிய இழைகளின் எண்ணிக்கை கூடும். ஆகவே எண் கொஞ்சம் கூடினாலும் நாள் நிறையக் கூடிவிடும். நெருக்கமான பாயை எதிர்பார்த்துக்கொண்டு நடுத்தரத்துக்கு ஆகும் நாளைக் கொடுப்பதுதான் பலர் செய்யும் தவறு. கடையில் பார்த்த மாதிரிப் பாயின் மீது அளவுகோலை வைத்து, ஓர் அங்குலத்துக்குள் எத்தனை பாவு இழைகள் வருகின்றன என்று நீங்களே எண்ணிக் குறித்துக்கொண்டு போங்கள். அந்த எண்ணிக்கையைச் சொன்னால் நெய்பவருக்கு உங்கள் மனத்தில் இருக்கும் பாய் எது என்று உடனே விளங்கும்.

அளவிலும் ஒரு வரம்பு இருக்கிறது. கோரை பாயின் அகலவாக்கில் ஓடுவதால், தண்டின் நீளத்தைத் தாண்டி அகலம் வைக்க முடியாது. மூன்றடி, நாலடி அகலத்துக்கு நல்ல கோரை கிடைக்கும். அதற்கு மேல் அகலம் வேண்டுமென்றால் நீண்ட தண்டுகளைத் தேடிப் பொறுக்க வேண்டும், அல்லது இரண்டு பாய்களை இணைத்துத் தைக்க வேண்டும். இரட்டைக் கட்டிலுக்கு ஒரே பாயாக வேண்டும் என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கேட்பது நல்லது. நீளத்துக்கு அப்படிப்பட்ட தடை இல்லை. பாவு எவ்வளவு நீளமோ அவ்வளவு நெய்யலாம்.

நாள் எங்கே போகிறது?

நெய்யும் நாள்களை மட்டும் எண்ணுவதால்தான் கணக்குத் தப்புகிறது. தறிக்கு முன்னால் கோரை தண்ணீரிலும் வெயிலிலும் கழிக்கும் நாள்கள் ஏராளம்.

அறுத்த பச்சைக் கோரையை நீளம் பார்த்துத் தரம் பிரித்துப் பிளக்க வேண்டும். நயம் பாய்க்கு இந்தப் பிளக்கும் வேலையே பல நாள் பிடிக்கும். பிளந்ததை வெயிலில் உலர்த்தி, பிறகு கட்டுகளாகக் கட்டி ஓடும் தண்ணீரில் சில நாள் ஊறப்போடுவார்கள். ஊறிப் பருத்த கோரையை மறுபடியும் உலர்த்தினால்தான் அது வளைந்து கொடுக்கும் பதத்துக்கு வரும், சாயத்தையும் ஏற்கும். சாயம் ஏற்றுவது ஒரே முக்கில் முடிகிற வேலை இல்லை. கொதிக்கும் சாயத்தில் இட்டு எடுத்து, காயவைத்து, நிறம் போதாவிட்டால் திரும்பவும் இட வேண்டும். முன்பு சிவப்புக்குப் பதிமுகக் கட்டை போன்ற மரச் சாயங்களைப் பயன்படுத்தினார்கள். இப்போது பெரும்பாலும் கடைச் சாயம்தான். மரச் சாயமே வேண்டும் என்று விரும்பினால், அதைச் செய்து தருபவர் இருக்கிறாரா என்று தனியாகக் கேட்டு, நாளையும் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

பாவு ஓட்டித் தறி கட்டுவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். தறி என்றால் நெசவாளர் வீட்டுக் குழித்தறி போன்றது என்று நினைக்க வேண்டாம். தரையில் நான்கு முளைகளை அடித்து, இரண்டு மூங்கில்களுக்கு இடையே பாவு நூலை இழுத்துக் கட்டியிருப்பார்கள். துளையிட்ட மரத்தாலான அச்சு ஒன்று அந்தப் பாவைக் குறுக்கே தாங்கி நிற்கும். நெய்பவர் தறியின்மேல் பலகை போட்டு உட்கார்ந்துகொண்டு, ஈரப்படுத்திய கோரை இழையின் நுனியை ஒரு நீண்ட குச்சியின் முனையில் மாட்டிப் பாவுக்குள் செலுத்துவார். குச்சி மறுபுறம் வெளியேறியதும் கோரை உள்ளே தங்கிவிடும்; அச்சை இழுத்து ஓர் அடி, பிறகு விளிம்பை விரலால் மடக்கிச் செருகுதல், பிறகு அடுத்த இழை. நான் ஒரு காலைப் பொழுது முழுவதும் அருகில் உட்கார்ந்து பார்த்தேன். பாய் எங்கே தொடங்கி நின்றது என்று தெரிவதற்காக ஓரத்தில் ஒரு நூலைக் கட்டி வைத்துவிட்டு, மதியத்துக்கு எழுந்தபோது அளந்தேன். உயர்ந்திருந்தது இரண்டு விரற்கடை. அன்றைக்கு மாலை வரை சேர்த்தால் மூன்று அங்குலம் வந்திருக்கும். அவர் எழுந்து இடுப்பை நிமிர்த்திக்கொண்டபோது எனக்குக் கணக்கைவிட அந்த முதுகுதான் மனத்தில் நின்றது. நாளை நெருக்கிக் கேட்பவர்கள் ஒருமுறையாவது அந்தத் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆறடிப் பாய் என்றால் 72 அங்குலம். நாளுக்கு மூன்று அங்குலம் வீதம் 24 வேலை நாள். வெள்ளிக்கிழமையும் வீட்டு விசேஷங்களும் உடல் நலக் குறைவும் போக அதை 35 நாளாக வைத்துக்கொள்ள வேண்டும். பிளப்பதற்கு ஒரு வாரம், ஊறவைத்து உலர்த்தப் பத்து நாள், சாயத்துக்கு ஐந்து நாள், எழுத்தும் கோலமும் வரைந்து ஒப்புதல் வாங்க மூன்று நாள், பாவு ஓட்ட மூன்று நாள், நெய்த பிறகு உலர்த்தித் தேய்த்து ஓரம் வெட்டித் துணிக்கரை தைக்க மூன்று நாள், கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னதாகப் பாய் வீட்டுக்கு வருவதற்கு ஏழு நாள். மொத்தம் 73 நாள். வெயில் தடையில்லாமல் காய்கிற காலத்துக்கான கணக்கு இது. மழைக்காலம் குறுக்கே வந்தால் நூறு நாளைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். பிளந்து சாயம் ஏற்றிய கோரை நெய்பவரிடம் ஏற்கெனவே இருந்தால் இருபது நாளுக்கு மேல் மிச்சமாகும். ஆகவே வாசலில் ஏறியதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை பற்றியதாக இருக்க வேண்டாம், "கோரை கைவசம் இருக்கிறதா?" என்பதாக இருக்கட்டும்.

எந்த மாதத்தில் சொல்லி வைப்பது?

எங்கள் பக்கத்தில் தை மாதக் கல்யாணங்கள்தான் பாய்க்குச் சோதனை. தையில் முகூர்த்தம் என்றால் அதற்கு முந்தைய ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றும் வடகிழக்குப் பருவமழைக் காலம். மூன்று மாதம் முன்னால் சொல்லிவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருப்போம். ஆனால் அந்த மூன்று மாதமும் கோரை காயாத மூன்று மாதம்.

என் அக்காள் மகளின் கல்யாணம் 2024 தையில். ஐப்பசி முடியும் தறுவாயில்தான் நான் போய்ச் சொன்னேன். கோரை பிளந்து ஊறப்போட்டதும் வானம் மூடிக்கொண்டது. பத்து நாளுக்கு ஒருமுறை போய்ப் பார்த்தபோதெல்லாம் கட்டுக் கட்டாகக் கோரை வீட்டுக்குள் கொடியில் தொங்கியது. "வெயில் இல்லாம கோரைய என்ன செய்யச் சொல்லுதீய தம்பி, அடுப்புல வச்சா முறிஞ்சி போவும்லா" என்றார் பாய் நெய்யும் அம்மா. பிறகு 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களை மூழ்கடித்த மழை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தாமிரபரணி கரை புரண்ட அந்த வாரத்தில் பாயைப் பற்றிக் கேட்க எனக்கே நா எழவில்லை. பாய் மாசி மாதம்தான் வந்தது. நெய்தவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் இரண்டு மாதம் முன்னால் போயிருந்தால், கோரை புரட்டாசி வெயிலில் காய்ந்து சாயம் ஏறி வீட்டுக்குள் வந்திருக்கும். மழை பெய்த நாள்களில் கூரைக்கடியில் தறி நடந்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இதுதான்: வெயிலில் நடக்க வேண்டிய வேலை எல்லாம் மழைக்கு முன்னால் முடியும்படி நாளைப் பின்னோக்கி எண்ணுவது. தைக் கல்யாணத்துக்கு ஆவணி முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் சாயம் ஏறிய கோரை காய்ந்து கட்டாகிவிட்டதா என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும். அது ஆகிவிட்டது என்றால் பிறகு மழை எவ்வளவு பெய்தாலும் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஐப்பசிக் கல்யாணத்துக்கு ஆனியிலேயே சொல்லுங்கள். ஆனி ஆடியில் குற்றாலம் தென்காசிப் பக்கம் சாரல் அடிக்கும்போது பத்தமடையில் மேகம் மூடியிருந்தாலும் காற்று நன்றாக வீசும், கோரை காயும். பரப்பிய கோரை பறக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அப்போது வேலை.

வைகாசிக் கல்யாணம் நாள் கணக்குக்கு நல்லது. தை, மாசியில் சொல்லி வைத்தால் வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் பங்குனி, சித்திரையின் கடும் வெயிலில் கோரை விரைவில் வறண்டு நெய்யும்போது முறியும். தண்ணீர் தெளித்துத் தெளித்து விடியற்காலையிலும் காலையிலும் மட்டும் நெய்வார்கள். அந்த மாதங்களில் ஒரு நாளின் நெசவு நேரம் குறைவு என்பதைக் கணக்கில் சேருங்கள். ஆவணிக் கல்யாணத்துக்குச் சித்திரைக் கடைசியில் சொல்லலாம்.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். நோன்பு மாதத்தில் பகல் முழுவதும் தண்ணீர்கூட அருந்தாமல் இருப்பவரிடம் முழு நாள் நெசவை எதிர்பார்ப்பது முறையல்ல. பெருநாளை ஒட்டிய ஒரு வாரமும் வேலை நடக்காது. ஆங்கில நாள்காட்டியில் நோன்பு ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னோக்கி வந்துகொண்டிருக்கும். 2025-இல் ஏறக்குறைய மார்ச் மாதம் முழுவதும் நோன்பாக இருந்தது. உங்கள் நாள்களுக்குள் அது விழுகிறதா என்று பார்த்து, விழுந்தால் அந்த மாதத்தைப் பாதி மாதமாக எண்ணிக்கொள்ளுங்கள்.

பெயரும் எழுத்தும்

பெயர் போடும் பாயில் நாள் கூடுவதற்கு எழுத்தே காரணம். வெறும் பட்டைக் கோடு போட்ட இடத்தில் குச்சி ஒரே வீச்சில் போய் வரும். எழுத்து வரும் இடத்தில் பாவு இழைகளை எண்ணி எண்ணி வண்ணக் கோரையைக் கையால் செருக வேண்டும். தமிழ் எழுத்துகள் வளைவும் சுழியும் கொண்டவை. பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்கும் மட்டுமே ஓடுபவை. ஆகவே ஒவ்வொரு வளைவையும் படிக்கட்டுபோல ஏற்றி இறக்கித்தான் காட்ட முடியும். "ஸ்ரீ", "ணை", "ஐ" போன்றவை சிறிய அளவில் உருத் தெரியாமல் போய்விடும். முழுப் பெயரையும் பட்டப் படிப்பையும் சேர்க்க விரும்புபவர்கள், எழுத்து ஒன்றுக்கு ஓர் அங்குல உயரமாவது வேண்டும் என்பதையும் பாயின் அகலத்துக்குள் எத்தனை எழுத்து அடங்கும் என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். என் யோசனை, இரண்டு பெயர்களும் தேதியும் போதும். முதலெழுத்துகளையும் ஊர்ப் பெயரையும் சேர்க்கச் சேர்க்க எழுத்து சிறுத்து, எதுவும் படிக்க முடியாமல் போகும்.

பெயரைக் கைப்பேசியில் தட்டி அனுப்ப வேண்டாம். கணக்கு நோட்டின் கட்டம் போட்ட தாளில், ஒரு கட்டத்துக்கு ஓர் இழை என்ற கணக்கில், பெரிய எழுத்தில் எழுதி நேரில் கொடுங்கள். எங்கள் வீட்டுப் பாய் ஒன்றில் "ற" வர வேண்டிய இடத்தில் "ர" வந்துவிட்டது. நெய்தவர் பிழையில்லை, எங்கள் பக்கத்திலிருந்து அனுப்பிய செய்தியிலேயே அப்படித்தான் இருந்தது. நெய்த பகுதியைப் பிரித்தால் கோரை முறிந்துவிடும், அந்த இடத்துப் பாவும் தளரும். அந்தப் பாய் அப்படியே இருக்கிறது. விரிக்கும்போதெல்லாம் என் கண் அந்த எழுத்தில்தான் போய் நிற்கிறது. எழுதிய தாளை மணப்பெண் வீட்டார் ஒருவரும் மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் உரக்கப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் இந்த வருத்தம் வராது. தேதியைத் தமிழ் மாதத்தில் போடுவதா ஆங்கில மாதத்தில் போடுவதா என்பதையும் இரு வீட்டாரும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். தேதி மாறும் வாய்ப்பு சிறிதளவு இருந்தாலும், தேதி வரும் பகுதியைப் பாயின் கடைசியில் நெய்யச் சொல்லலாம். ஒரு மாதம் கூடுதலாகக் கிடைக்கும்.

முன்பணமும் பேச்சும்

கோரையும் நூலும் சாயமும் வாங்கும் அளவுக்காவது முன்பணம் கொடுத்துவிடுங்கள். உள்ளூரில் நல்ல கோரை கிடைக்காதபோது காவிரிக் கரையில் விளைந்த கோரையை வாங்குபவர்களும் உண்டு. அதற்குக் கையில் பணம் வேண்டும். முன்பணம் வராத பாய் வரிசையில் பின்னால் போவது இயல்பு. இதே ஊர்ப் பெண்களுக்குப் பீடி சுற்றும் வேலை வாராவாரம் கூலி தருகிறது. பாயோ முடிந்து கொடுத்த பிறகுதான் காசு. இடையில் ஒரு தவணை கொடுப்பது, தறியைவிட்டு எழுந்து வேறு வேலைக்குப் போக வேண்டிய நெருக்கடியை அவருக்கு ஏற்படுத்தாது. நான் மூன்றாகப் பிரித்துக் கொடுக்கிறேன்: சொல்லி வைக்கும்போது ஒரு பங்கு, பாவு ஓட்டும்போது ஒரு பங்கு, பாயை வாங்கும்போது ஒரு பங்கு.

அளவு, பாவு எண், நிறங்கள், எழுத்து, கொடுக்கும் நாள், கொடுத்த பணம் இவை அனைத்தையும் ஒரு தாளில் எழுதி இருவரும் ஒரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது. முகூர்த்த நாளைச் சொல்லாமல், அதற்குப் பத்து நாள் முந்தைய தேதியையே "வேண்டிய நாள்" என்று எழுதச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் செய்வதில்லை. உண்மையான முகூர்த்த நாளையும் சொல்லி, "ஒரு வாரம் முன்னால் கிடைத்தால் எங்களுக்கு வசதி" என்பதையும் சொன்னால், அவரும் தம் கஷ்டத்தை மறைக்காமல் சொல்வார்.

நெருக்கமான பாவில் பெயர் போட்ட பாயை நான்கைந்து நாளில் தருகிறேன் என்று எவராவது சொன்னால், அது விசைத்தறிப் பாயாகவோ, மேலே எழுத்தைப் பூசியதாகவோ இருக்கலாம். விசைத்தறிப் பாயும் படுக்க நல்ல பாய்தான். கைப்பாய் என்ற விலையில் அதை வாங்கிவிடக் கூடாது, அவ்வளவே. பாயைத் திருப்பிப் பார்த்தால் எழுத்தின் நிறம் மறுபுறத்திலும் கோரையோடு கோரையாகத் தெரிய வேண்டும். நகத்தால் சுரண்டினால் எழுத்து உதிரக் கூடாது.

இடையில் போய்ப் பார்ப்பது

இரண்டு முறை போனால் போதும். வாரத்துக்கு மூன்று முறை கைப்பேசியில் அழைப்பதால் பாய் வேகமாக வளராது. முதல் முறை சாயம் காய்ந்ததும் போங்கள். வெயிலில் வைத்து நிறத்தைப் பாருங்கள். வீட்டுக்குள் பார்த்த சிவப்பும் வெயிலில் பார்க்கும் சிவப்பும் ஒன்றாக இருக்காது. வெள்ளைத் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து, சாயம் ஏற்றிய கோரை மூன்று நான்கு இழைகளை அதற்குள் வைத்து நன்றாக உருவிப் பாருங்கள். துணியில் இலேசான சாயல் படிவதில் தவறில்லை; பட்டையாக நிறம் இறங்கினால் இன்னொரு முறை அலசிக் காயவைக்கக் கேளுங்கள். இந்தக் கட்டத்தில் அதற்கு இரண்டு நாள்தான் கூடும். நெய்த பிறகு தெரிந்தால், கல்யாணப் புடவையில் ஒட்டும்.

இரண்டாவது முறை, பாய் ஒரு சாண் உயர்ந்ததும் போங்கள். பாவு எண் பேசியபடி இருக்கிறதா, ஓரம் நேராகப் போகிறதா, எழுத்து தொடங்கும் இடம் நடுவில் வருகிறதா என்பவற்றை அப்போது பார்த்துவிட வேண்டும். அன்றைக்கு நாளுக்கு எத்தனை அங்குலம் ஏறுகிறது என்று கேட்டு, மீதி அங்குலத்தை அதனால் வகுத்துப் பாருங்கள். வாங்கும் நாள் உங்களுக்கே தெரிந்துவிடும். தள்ளிப்போகும் போலத் தெரிந்தால், கோலத்தைக் குறைத்து நடுப்பகுதியை வெறும் கோடாக விட்டுவிட அப்போது ஒப்புக்கொள்ளலாம். நயத்தைக் குறைத்து நாளை மிச்சப்படுத்தக் கேட்காதீர்கள்; ஒரே பாயில் நெருக்கம் மாறினால் அந்த இடத்தில்தான் முதலில் கிழியும்.

வாங்கும்போது

நெய்து முடித்த பாயை வெயிலில் உலர்த்தி, மேற்பரப்பு வழுவழுப்பாகும்வரை தேய்த்து, நீட்டிக்கொண்டிருக்கும் கோரை நுனிகளை வெட்டி, பாவு நூலை முடிச்சிட்டுத் துணிக்கரை தைத்துக் கொடுப்பார்கள். மார்கழியில் வாங்குகிறீர்கள் என்றால், உள்ளே ஈரம் இருக்கிறதா என்று புறங்கையை வைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாகத் தெரிந்தால் இன்னும் ஒரு நாள் வெயிலில் கிடக்கட்டும். ஈரத்தோடு சுருட்டிய பாயில் ஒரு வாரத்துக்குள் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும், அது பிறகு போகாது.

நயம் பாய் மடியும் என்பதற்காக மடித்துப் பைக்குள் வைத்துக் கொண்டுபோக வேண்டாம். புதுப் பாயில் மடித்த தடம் கோடாக நின்றுவிடும். எழுத்துப் பக்கம் உள்ளே வரும்படி, ஒரு பிளாஸ்டிக் குழாயின்மேல் தளர்வாகச் சுருட்டி, பழைய பருத்திப் புடவையில் சுற்றிக் கொண்டு போங்கள். சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ பார்சலில் அனுப்புவதானால் மேலே பிளாஸ்டிக் உறையும் போட்டு, போய்ச் சேர ஒரு வாரம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பார்சலைப் பிரித்து, நிழலில் காற்றோட்டமான இடத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் விரித்து வையுங்கள். பெயரையும் தேதியையும் பத்திரிகையோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துவிட்டு, அதே புடவையில் சுருட்டி, எலி ஏறாத இடமாகப் பார்த்து நிற்க வையுங்கள்.